“முதலில் அங்கே ரத்து செய்துவிட்டு வாருங்கள்” என்றார்

என் கணவர் உக்ரைன்காரர். கார்கிவில் படிக்கப் போன நான் அங்கேயே திருமணம் செய்துகொண்டு, ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குத் தொழில்நுட்ப ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுத்து வந்தேன். 2022 மார்ச்சில் மகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு செக் நாட்டுக்கு வந்தேன். கணவரால் வர முடியவில்லை. உக்ரைன் குடிமகனின் மனைவி என்ற முறையில் எனக்கும் கடவுச்சீட்டில் தற்காலிகப் பாதுகாப்பு விசாவை (உக்ரைன் போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தரும் தங்கும் உரிமை) ஒட்டிக் கொடுத்தார்கள்.

மறு ஆண்டு மாமியாரின் உடல்நிலை மோசமானது. அவருடைய தங்கை கிழக்கு ஜெர்மனியில் இருந்தார். “உன் வேலை மடிக்கணினிக்குள்தானே இருக்கிறது, எந்த நாட்டில் இருந்தால் என்ன?” என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு நாட்டில் பெற்ற பாதுகாப்பை அப்படியே இன்னொரு நாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பழைய நாட்டில் அது முடிய வேண்டும், புதிய நாட்டில் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாடுகளில் ஒரே நேரத்தில் வைத்திருக்கவும் கூடாது. உக்ரைனின் பயோமெட்ரிக் கடவுச்சீட்டு இருப்பவர்கள் 180 நாட்களில் 90 நாட்கள் விசா இல்லாமலே ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) தங்கலாம். மகளுக்கும் மாமியாருக்கும் அந்த வசதி இருந்தது. என் இந்தியக் கடவுச்சீட்டுக்கு இல்லை. செக் விசா போய்விட்டால் என்னிடம் வேறெதுவும் கிடையாது.

ஜெர்மனியில் வெளிநாட்டினர் அலுவலகத்தில் முதல் நாள் மேசையில் இருந்தவர், “முதலில் அங்கே ரத்து செய்துவிட்டு வாருங்கள்” என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டார். ரத்து செய்த மறுநாள் நான் எந்த நாட்டில், எந்த உரிமையோடு இருப்பேன் என்று கேட்டேன். பதில் இல்லை. அன்றிரவு தூங்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து மீண்டும் போய், மேலதிகாரியைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டார். புதிய அனுமதி கிடைத்ததும் செக் பாதுகாப்பைக் கைவிடுகிறேன் என்று ஓர் உறுதிமொழியை அடித்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, அதுவரை தங்கலாம் என்ற இடைக்காலச் சான்றிதழும் கொடுத்தார். சுயதொழில் உட்பட வேலை செய்யலாம் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆகவே, முதல் மேசையில் கேட்கும் பதிலை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதையும் எழுத்தில் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த இணைய வடிவமைப்பாளர் ஒருவர் வேறொரு நாட்டில் விண்ணப்பித்துவிட்டு, அனுமதி வருவதற்கு முன்பே இடம் மாறினார். முந்தைய நாட்டில் விண்ணப்பித்ததையே காரணம் காட்டிப் புதிய நாட்டில் மறுத்துவிட்டார்கள். செக் நீதிமன்றம் அனுப்பிய இதே போன்ற வழக்கில், 2025 பிப்ரவரி 27 அன்று, வேறொரு நாட்டில் விண்ணப்பித்தும் இன்னும் அனுமதி பெறாத ஒருவரை அந்தக் காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அனுமதியைப் பெற்றுவிட்டவர்களின் நிலை வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

ஃப்ரீலான்ஸ் வேலையைப் பற்றி. வாடிக்கையாளர்கள் வெளிநாட்டில்தானே இருக்கிறார்கள், ஒரு நாட்டில் 183 நாட்கள் வரை தங்கினால் வரிக் கவலை இல்லை என்று பலர் சொல்வார்கள். ஜெர்மனியில் சொந்தமாகவோ வாடகைக்கோ நிலையான வீடு வைத்துக்கொண்டாலே வரிக்கு உட்பட்டவர் ஆகிவிடலாம், நாள் கணக்கு எட்ட வேண்டியதில்லை. தொழில் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் வரி அலுவலகத்தின் கேள்விப் படிவத்தை இணையத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். மொழிபெயர்ப்பு அங்கே சுதந்திரத் தொழில் என்ற பிரிவில் வருவதால் தனி வணிகப் பதிவு தேவைப்படவில்லை. மருத்துவக் காப்பீட்டில் பாதியைக் கட்ட முதலாளி இல்லை, முழுவதும் நம் பொறுப்பு.

செக் நாட்டில் நான் தொழில் உரிமம் எடுத்திருந்தேன். அங்கே சுயதொழில் செய்பவர் வருமானம் இல்லாவிட்டாலும் மாதாமாதம் காப்பீட்டு முன்பணம் கட்ட வேண்டும். தொழிலை நிறுத்தி வைப்பதாகத் தெரிவிக்கும்வரை அது ஏறிக்கொண்டே இருக்கும். பாதுகாப்பு முடிந்ததால் எல்லாம் தானாக முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து, பழைய வீட்டுக்காரர் புகைப்படம் எடுத்து அனுப்பிய கடிதத்தில்தான் பாக்கித் தொகையைப் பார்த்தேன். ஆவணங்களை அனுப்பி, தவணை கேட்டு, கடைசித் தொகையைச் சென்ற மாதம்தான் கட்டினேன்.