வளைவில் த்ராட்டில் திறந்தால் பின் டயர் நழுவுகிறது: டயரா, ஷாக் அப்சார்பரா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பெரிய பைக் ஓட்டுபவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். என்னுடையது 650 சிசி இரட்டை சிலிண்டர், பின் டயர் 160/60 ஆர்17 ரேடியல். குறுவை அறுவடை சமயத்தில் ஆரம்பித்த தொல்லை இது. வளைவு முடிந்து வண்டியை நிமிர்த்திக்கொண்டே த்ராட்டில் திறந்தால் பின்சக்கரம் சட்டென்று வெளியே நழுவி, மறுபடி பிடிக்கிறது. திருவையாறு சாலையில் பாலங்களை ஒட்டி மேடுபள்ளமான இடங்களில் அதிகம்.

ரோட்டில் வைக்கோலும் நெல்லும் டிராக்டர் சேறும் கிடந்தால் வழுக்காமல் என்ன செய்யும் என்பீர்கள். சரிதான், ஆனால் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் புறவழிச்சாலையில், நல்ல வெயிலில், டயர் சூடான பிறகும் இதே கதை.

காற்றை டயர் ஆறியிருக்கும்போது அளந்து 36 பிஎஸ்ஐயிலிருந்து 33க்குக் குறைத்தேன், வித்தியாசம் இல்லை. செயின் நேராக இருக்கிறது, ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), வீல் பேரிங் எதிலும் ஆட்டமில்லை. ப்ரீலோடும் (ஷாக் ஸ்பிரிங்கின் முன் அழுத்தம்) குறைத்துப் பார்த்தாச்சு. டயர் பட்டன் (மேல்பரப்பு வரிப்பள்ளம்) ஆழம் தாராளம், ஆனால் பக்கவாட்டில் 2320 என்று இருக்கிறது, அதாவது 2020இன் 23ஆவது வாரத் தயாரிப்பு. நகத்தால் அழுத்தினால் ரப்பர் கல் மாதிரி. அப்புறம், சீட்டை அமுக்கி விட்டால் பின்பக்கம் ஒரு தடவையோடு நிற்காமல் மேலும் கீழும் ஆடுகிறது. ஒரு மெக்கானிக் டயர் என்கிறார், இன்னொருவர் ஷாக் ஆயில் போய்விட்டது என்கிறார், இரண்டுக்கும் சேர்த்துச் செலவு செய்ய இப்போது முடியாது.

இந்த அறிகுறிகளுக்கு நீங்களாக இருந்தால் எதை முதலில் மாற்றுவீர்கள்?