முதல் இலையுதிர்காலமா? நேரம் மாறுவதற்குள் ஒரு குதிரைச் சவாரி

செப்டம்பரில் தெற்கு இங்கிலாந்துக்கு வந்து இறங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு வங்கிக் கணக்கு, வாடகை வீடு பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நான் சொல்வது வேறு. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்கப்புறம் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், மனசும் கொஞ்சம் இருட்டும். அதற்குள் நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இங்கே தெற்கில் இருக்கும் நியூ ஃபாரஸ்ட் காட்டில் ஒரு தடவை குதிரை ஏறிவிடுங்கள்.

பெயரில்தான் ‘நியூ’. முதலாம் வில்லியம் மன்னர் 1079 வாக்கில் வேட்டைக்கென்று ஒதுக்கிய காடு அது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து காட்டுக்குள்ளேயே இருக்கும் ப்ரோக்கன்ஹர்ஸ்ட் ஊருக்கு நேரடி ரயில் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் போல ஆகும். சுற்றுவட்டாரத்தில் குதிரை லாயங்கள் உண்டு. இப்படி வெளியே உலாப் போவதற்கு இங்கே ‘ஹேக்கிங்’ என்று பெயர். “சனிக்கிழமை ஹேக்கிங் போகிறோம், யார் வருகிறீர்கள்?” என்று நான் ஆபீஸ் குரூப்பில் போட, லேப்டாப் எடுத்துக்கொண்டு வரணுமா என்று ஒருவன் கேட்டான்.

முன்பதிவு செய்யும்போது உயரம், எடை, அனுபவம் மூன்றும் கேட்பார்கள். எடையில் பொய் சொல்லாதீர்கள். நான் ஆறு கிலோ குறைத்துச் சொன்னேன். அங்கே போனதும் எல்லார் முன்னாலும் தராசில் ஏறச் சொன்னார்கள். எனக்கென்று வைத்திருந்த குதிரையை மாற்றி, வேறொன்றைத் தயார் செய்ய இருபது நிமிடம் ஆனது. நண்பர்கள் அதை இன்றுவரை விடவில்லை. பல இடங்களில் ஸ்டோன் கணக்கில்தான் கேட்பார்கள். ஒரு ஸ்டோன் சுமார் 6.35 கிலோ. 75 கிலோ என்றால் ஏறத்தாழ 11 ஸ்டோன் 11 பவுண்டு. ஒவ்வொரு லாயத்துக்கும் ஓர் எடை வரம்பு உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அனுபவம் என்ற இடத்தில் ‘இதுவரை ஏறியதே இல்லை’ என்று போடுங்கள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றியதெல்லாம் கணக்கில் வராது. அங்கே குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடப்பார், நாம் மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்போம். இங்கே பெரும்பாலும் கடிவாளம் உங்கள் கையில்.

ஹெல்மெட் அவர்களே தருவார்கள். காலுக்குச் சின்ன குதிகால் வைத்த, அடிப்பாகம் வழுவழுப்பான பூட்ஸ் நல்லது. தடித்த ஷூ, கால் வைக்கும் அங்கவடியில் சிக்கிக்கொள்ளலாம். ஜீன்ஸ் வேண்டாம். உள்தொடையில் அந்தத் தையல் உரசுவது ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். லெக்கிங்ஸ், அதற்குமேல் மழை கோட்டு, அது போதும்.

ஏறியதும் குதிரை முதலில் செய்வது தலையைக் குனிந்து புல் மேய்வது. பாவம் என்று ஒரு தடவை விட்டீர்களோ, வழியெல்லாம் விருந்துதான். கடிவாளத்தைச் சற்றுச் சுருக்கிப் பிடித்து, குதிகாலைக் கீழே அழுத்தி, பார்வையைத் தூரத்தில் வையுங்கள். அப்புறம் தானாக அமைதி வந்துவிடும். பீச் (beech) மரங்கள் செம்பொன்னாக நிற்கும். பெரணிப் புதர் முழுக்கத் துருப்பிடித்த நிறம். ஈர இலைமேல் குளம்பு படும் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. திடீரென்று தூரத்தில் ஏதோ கரகரவென்று உறுமும், பயப்படாதீர்கள். அக்டோபரில் ஆண் மான்கள் துணை தேடும் பருவம்.

எங்கள் குதிரைகள் பயந்தது பன்றிக்கு! ஓக் கொட்டை அதிகம் தின்றால் குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம், பன்றிக்கு ஒன்றும் ஆகாது. அதனால் இலையுதிர்காலத்தில் மேய்ச்சல் உரிமை உள்ளவர்கள் பன்றிகளைக் காட்டுக்குள் அவிழ்த்து விடுகிறார்கள், அவை கொட்டைகளைத் தின்று தீர்க்கும். பழைய வழக்கம், ‘பானேஜ்’ என்பார்கள். ஒரு பன்றிக்குட்டிக் கூட்டம் குறுக்கே ஓட, என் குதிரை இரண்டு காதையும் நிமிர்த்தி நட்ட கம்பம் போல நின்றுவிட்டது. வழிகாட்டிப் பெண் முன்னால் போய் நின்ற பிறகுதான் நகர்ந்தது.

காட்டில் திரியும் குட்டைக் குதிரைகளுக்கு உணவு தராதீர்கள், தொடவும் வேண்டாம். சாதுவாகத் தெரிந்தாலும் கடிக்கும், உதைக்கும். அவற்றுக்கெல்லாம் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். கார் எடுத்துப் போகிறவர்கள், குதிரைமேல் யாரையாவது கடக்கும்போது மணிக்கு 10 மைல் வேகத்துக்குள், 2 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். இது 2022-இல் திருத்திய நெடுஞ்சாலை விதிகளிலேயே இருக்கிறது.

வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினால் ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) காட்டுங்கள், உண்ணியால் பரவும் லைம் நோயாக இருக்கலாம்.

அக்டோபர் கடைசியில் பள்ளிகளுக்கு ‘ஹாஃப் டெர்ம்’ எனும் பருவ இடை விடுமுறை வரும்போது இடம் கிடைப்பது கஷ்டம், இப்போதே பதிவு செய்யுங்கள். ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை போங்கள். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது காரணம் புரியும்.