சண்டையின் நடுவே மறைதல்: ஆட்டம் நடத்துவோரின் ஆலோசனை தேவை

வணக்கம். பெங்களூரு அல்சூரில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டைத் தமிழில் ஆடும் எங்கள் குழுவின் ஆட்டத்தை நடத்துபவன் என்ற முறையில் உங்கள் உதவியை நாடுகிறேன். நாங்கள் பின்பற்றும் 2024 விதிகளின்படி, எதிரியின் பார்வைக்கு அப்பால் போதிய மறைப்பில் நின்று, பகடைத் தொகை 15 அல்லது அதற்கு மேல் வந்தால் மறைந்துவிடலாம். இரண்டாம் நிலையிலிருந்து ரோக் எனப்படும் பதுங்கித் தாக்கும் பாத்திரம் இதை, தன் முறையில் வழக்கமான செயலுக்கு மேல் கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனாகவே செய்யலாம் என்பதால், எங்கள் ரோக் ஒவ்வொரு சுற்றிலும் அதே தூணுக்குப் பின்னால் ஒளிந்து, வெளிவந்து, அனுகூலத்துடன் (இரு பகடைகளை உருட்டி உயர்ந்த எண்ணைக் கொண்டு) அம்பெய்கிறார். அந்தத் திறமையைப் பறிக்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும், அவர் அங்கே நுழைந்ததைக் கண்ணால் கண்ட காவலன் மீண்டும் மீண்டும் ஏமாறுவதை மனம் ஏற்கவில்லை. அவர் தூணை விட்டு விலகியதுமே எதிரி கண்டுவிட்டதாகக் கொள்வதா, அம்பு பாயும்வரை மறைவு நீடிப்பதாகக் கொள்வதா? ஒரே இடத்தில் திரும்ப ஒளிபவருக்கு அந்த 15-ஐ உயர்த்துவது நியாயமாகுமா? உங்கள் மேசையில் இதை எவ்வாறு தீர்க்கிறீர்கள் என்று விளக்கமாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.