எழுத்தில் இல்லாத ஏஜென்சி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தேனி ஸ்டாக்கிஸ்ட்

பிஸ்கட் கம்பெனி. பெயர் வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. போடி, கம்பம் இரண்டு லைனும் (கடைகளுக்குச் சரக்கு போடும் தடம்) அப்பா காலத்திலிருந்தே எங்களுடையது. அக்ரிமெண்ட் என்று ஒரு தாள் கிடையாது. டெபாசிட் ரசீதும் பில்களும்தான். கம்பெனியின் ஏஎஸ்எம் (ஏரியா சேல்ஸ் மேனேஜர்) மாறினார், லோடு நின்றது. கேட்டால் "அடுத்த வாரம் சார்." கம்பத்தில் ஒரு மளிகைக் கடையில் வசூலுக்கு நின்றபோது, எங்களிடம் வேலை பார்த்த லைன் பையன் புது வண்டியிலிருந்து இறங்கினான். கையில் எங்கள் ஆர்டர் நோட்டு. எந்தக் கடைக்கு எத்தனை நாள் கடன், யாரிடம் ரொக்கம் மட்டும் என்று ஓரத்தில் அப்பா எழுதி வைத்த நோட்டு. என்னைப் பார்த்ததும் சட்டைக்குள் செருகிக்கொண்டான். கம்பெனி இப்போது கேட்பது: "ஏரியா உங்களுக்கு மட்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?" எக்ஸ்பைரி சரக்கு கோடவுனில் கிடக்கிறது. அதற்குக் கம்பெனி தர வேண்டிய கிளெய்ம் பணமும் வரவில்லை, டெபாசிட்டும் வரவில்லை.

ஈரோடு மசாலா

எப்போதும் கம்பெனிதான் ஏமாற்றும் என்று பேசாதீர்கள். நாங்கள் சின்ன மசாலா யூனிட். சேலம் விநியோகஸ்தரிடம் பாக்கி கேட்கப் போனேன். லெட்ஜரைத் திருப்பிக் காட்டினார். பாக்கிக்குக் கீழே பென்சிலில் "தீபாவளி ஸ்கீம் 8%" என்று கழித்திருந்தது. யார் கொடுத்த ஸ்கீம்? "உங்க ரெப் சொன்னார்." அந்த ரெப் வேலையை விட்டே போய்விட்டார். ஸ்கீம் போக மீதிப் பணமாவது வந்ததா என்றால், அதுவும் இல்லை.

மதுரை மெடிக்கல்

தேனி அண்ணே, எழுதாததால் ஒப்பந்தமே இல்லை என்று கம்பெனி சொன்னால் பயப்படாதீர்கள். 1872 ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழியும் செல்லும். பில்லும் லாரி ரசீதும் போதும், வியாபாரம் நடந்தது நிரூபணமாகும். சிக்கல் நிபந்தனைகளில்தான். ஒரு மருந்து கம்பெனி மேல் நான் போட்ட வழக்கில், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "மூன்று மாத நோட்டீஸ் தருவதாகச் சொன்னது யார், எங்கே, எந்தத் தேதி?" ஆளைச் சொன்னேன், இடத்தைச் சொன்னேன். தேதிக்கு வாய் வரவில்லை. டைப்பிஸ்ட் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏஜென்சி திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்தியன் ஆயில், அமிர்தசரஸ் கேஸ் வழக்கில் (1991) விநியோகஸ்தரை நீக்கியது தவறு என்றான பிறகும், 30 நாள் நோட்டீஸ் காலத்துக்கான நஷ்டஈடு மட்டும்தான் என்றது உச்ச நீதிமன்றம். அங்கே எழுத்து ஒப்பந்தமே இருந்தது. பணத்தைப் பிடியுங்கள். காலக்கெடு 3 வருடம். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் கிடைத்தால் அன்றிலிருந்து புதிதாக எண்ணலாம். உங்கள் லெட்ஜர் மட்டும் கோர்ட்டில் போதாது, துணைக்கு வேறு சாட்சியம் வேண்டும். ஏஎஸ்எம் வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒப்புக்கொண்டிருந்தால் அந்தப் போனை மாற்றாதீர்கள். அப்புறம், இரண்டு பேருமே எம்எஸ்எம்இ சமாதானில் (சிறு தொழில்களின் வராத பாக்கிக்கான அரசு ஏற்பாடு) மனு போடுங்கள்.

கோவை பம்ப்செட்

மதுரைக்காரர் கடைசியாகச் சொன்னது தேனிக்குப் பொருந்தாது. சமாதான், சரக்கு கொடுத்துப் பணம் வராத குறு, சிறு தொழில்களுக்கு. 2021ல் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவை (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) திறந்தது வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டும். ஈரோடுக்குத்தான் அது உதவும், சப்ளைக்கு முன்பே பதிவு இருந்தால். எழுத்து ஒப்பந்தம் இல்லாதது அங்கே அவருக்குச் சாதகம்: சரக்கை ஏற்றுக்கொண்ட 15 நாளில் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் 3 மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி.

தேனி 3 லட்சமோ அதற்கு மேலோ கேட்டால், அவசர உத்தரவு தேவையில்லாதபோது, வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். எனக்கு அங்கே நடந்தது இன்னும் ஆறவில்லை. கம்பெனி அனுப்பிய ஆள் புதுசாகச் சேர்ந்த பையன். கிளெய்ம் ஃபைலை அவன் பக்கம் நகர்த்தினேன். திறக்கவே இல்லை. "முடிவெடுக்க எனக்கு அதிகாரம் இல்லை சார்" என்று மட்டும் சொன்னான்.

தேனி, அந்த டெபாசிட் ரசீதில் கையெழுத்து யாருடையது? கம்பெனி சீல் இருக்கிறதா? முதலில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.