உதவி: பூவிதழ் புதிர், கூட்டுத்தொகை ஒன்று குறைகிறது

வழிதேடி:
ஒரு புதிர் ஜியோகேச்சில் (புதிரை விடுவித்து, கிடைக்கும் ஜிபிஎஸ் எண்ணை வைத்து யாரோ ஒளித்த டப்பாவைத் தேடும் விளையாட்டு) மாட்டிக்கொண்டு நிற்கிறேன். விடையைப் போட்டு உடைத்துவிடாமல், எங்கே சறுக்குகிறேன் என்று மட்டும் காட்டினால் போதும். அடிமரத்திலேயே பூத்துக் காய்க்கிற மரங்களாகப் பார்த்து நட்ட தோப்பு அது. வரைபடத்தில் புதிரைக் காட்டும் நீலக் கேள்விக்குறி அதற்குள்தான் நிற்கிறது, டப்பா அங்கே இல்லை. நாகலிங்கம், கொக்கோ, ஜபுதிகாபா மூன்றின் பூவிதழ்களையும் இதே வரிசையில் எண்ணினால் வடக்கு அட்சரேகை எண்ணின் நிமிடத்தில் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம் கிடைக்குமாம், கிழக்கு எண்ணை முழுசாகவே கொடுத்துவிட்டார்கள். மூன்றும் சேர்ந்து 15 வரவேண்டும், எனக்கு 14தான் வருகிறது, அதை நம்பிப் போனால் குளத்துக்கு நடுவில் கொண்டுபோய் விடுகிறது. ஜபுதிகாபா பூ வெறும் வெள்ளை மகரந்தக் குஞ்சமாக இருக்கிறது, இதழ் எது என்றே பிடிபடவில்லை, அதனால் சந்தேகம் அதன்மேல்தான்.

புதர்நாய்:
ஜபுதிகாபாவை விடுங்கள், அது 4. கொக்கோவுக்கு எவ்வளவு போட்டீர்கள்? அதில்தான் பலரும் விழுவார்கள். ஒவ்வொரு இதழும் அடியில் குழிந்த பைபோல இருந்து, நடுவில் ஒடுங்கி, நுனியில் மறுபடி கரண்டிபோல விரியும், அவசரத்தில் இரண்டாக எண்ணிவிடுவோம்.

வழிதேடி:
5 போட்டேன். லென்ஸ் வைத்துத்தான் பார்த்தேன்.

மேப்பும்மோரும்:
@புதர்நாய் இப்படி எண்களைப் பொதுவில் போடலாமா? வைத்தவர் பார்த்தால் வருத்தப்படுவார்.

புதர்நாய்:
பாதிதானே சொன்னேன் 🙂 சரி, மிச்சத்தைச் சொல்லவில்லை. @வழிதேடி, நாகலிங்கப் பூவை எங்கே எண்ணினீர்கள், மரத்திலா தரையிலா? கீழே கிடப்பதில் ஓர் இதழ் உதிர்ந்திருந்தாலும் தெரியாது, நடுவில் மகரந்தக் காம்புகள் பாம்புப் படம்போல வளைந்து கவிந்திருப்பதால் கண் அங்கேயே போய்விடும். தண்டிலிருந்து தொங்கும் காம்புகளில் புதிதாக விரிந்த பூவைப் பாருங்கள். பீரங்கிக் குண்டு அளவு காய்களுக்கு நேர் கீழே மட்டும் நிற்காதீர்கள், விழுந்தால் விளையாட்டில்லை.

மேப்பும்மோரும்:
கணக்காகவும் பார்க்கலாம். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வெறும் 1.85 மீட்டர், அதற்காக யாரும் குளத்துக்குள் போய் நிற்கமாட்டார்கள். முதல் இலக்கம் ஒன்று மாறினால் 185 மீட்டர். உங்கள் குளத்துக்கு நேர் வடக்கே அந்தத் தூரத்தில் என்ன இருக்கிறது?

புதர்நாய்:
என்னைச் சொல்லிவிட்டு நீங்களே உடைக்கிறீர்களே!

வழிதேடி:
மரத்திலேயே எண்ணிப் பார்த்தேன், இப்போது கூட்டுத்தொகை 15. வடக்கே மேட்டில் இடிந்த கல் படிக்கட்டு, அதன் இரண்டாவது படிக்குப் பின்னால் டப்பா கிடைத்தது. அடர்ந்த மரத்தடி என்பதால் ஜிபிஎஸ் அங்கே துள்ளிக்கொண்டே இருந்தது, கடைசியில் கையால் துழாவித்தான் எடுத்தேன். ஒரு சிக்கல்: மூடியின் ரப்பர் வளையம் விரிந்து, உள்ளே கையெழுத்துத் தாள் ஊறிப்போயிருக்கிறது. புதுத் தாள் வைக்கலாமா?

மேப்பும்மோரும்:
வைக்கலாம், வைத்தவரே அநேகமாக நன்றி சொல்வார். ஊறிய தாளைத் தூக்கி எறியாதீர்கள், பழைய கையெழுத்துகள் அதில்தான் இருக்கும். அப்புறம் பராமரிப்பு தேவை என்று பதிவில் குறித்துவிடுங்கள், வளையம் மாறாவிட்டால் அடுத்த மழைக்குப் புதுத் தாளும் போய்விடும். படிக்கட்டைப் பற்றி எழுதியதையும் கொஞ்சம் அழித்துவிடுங்கள்.