டெங்கு ஒரு தடவ வந்தா மறுபடி வராதுன்னு நெனச்சேன், பையனுக்கு ரெண்டாவது தடவ

யாங்கோன் அக்கா:
போன வருஷம் மழ காலத்துல பையனுக்கு டெங்கு வந்து நல்லாயிட்டான். இப்ப திரும்பவும் காய்ச்சல், ரத்தம் பாத்துட்டு டெங்குதான்னு சொல்றாங்க. தட்டம்மை ஒரு தடவ வந்தா அதோட முடிஞ்சுதுன்னு சொல்வாங்களே, இது ஏன் இப்படி? அவனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையோன்னு பயமா இருக்கு.

மோல்மீன் தம்பி:
அப்படி நெனைக்காதீங்கக்கா, எங்க அண்ணனுக்கும் ரெண்டு தடவ வந்துச்சு, இப்ப நல்லா இருக்காரு.

லேப்ல வேல பாக்குற தங்கச்சி:
அக்கா, டெங்கு வைரஸ்ல 4 வகை இருக்கு. ஒரு வகை வந்தா உடம்பு அதுக்குன்னே ஆன்டிபாடி (வைரஸ் மேல ஒட்டி அத முடக்குற புரதம்) செஞ்சு, அந்த வகைய ஞாபகம் வச்சுக்குற மெமரி செல்லயும் வச்சுக்கும், அதே வகை திரும்ப வந்தா அமுக்கிடும். மத்த 3 வகைக்கு அந்த பாதுகாப்பு கொஞ்ச மாசம்தான். அப்புறம் வேற வகை வந்தா பழைய ஆன்டிபாடி போய் ஒட்டும் ஆனா முழுசா முடக்காது, ஒட்டுனத விழுங்குற மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ள வைரஸ் சுலபமா நொழஞ்சு அங்கயே பெருகிடும், அதனாலதான் ரெண்டாவது தடவ கடுமையாகுற ஆபத்து ஜாஸ்தி. தட்டம்மைல இப்படி வகை கெடயாது.

காய்ச்சல் எறங்குனதும் விட்டுடாதீங்க, அப்பதான் ஆபத்து. வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், ரொம்ப சோர்வு எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பாராசிட்டமால் மட்டும் குடுங்க, ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரின் வேணவே வேணாம்.

யாங்கோன் அக்கா:
காலைலேந்து ரெண்டு தடவ வாந்தி எடுத்தான் தங்கச்சி, இப்பவே கூட்டிட்டு கெளம்புறேன்.