டெங்கு, மலேரியா: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நேரில் பார்த்தது எதுவானாலும் எழுதுங்க

பென்னாகரம் ரோடு:
ஒகேனக்கல் தண்ணி முறை வைத்து விடும் தெரு. வாசலில் 200 லிட்டர் நீல டிரம். மூடி இருக்கு, ஆனா ஓஸ் விட அதில் வெட்டிய ஓட்டை டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்குப் போதும். டார்ச் அடிச்சா உள்ளே கொசுப்புழு நெளியுது. கவிழ்த்து அலசினாங்க, அடுத்த வாரமே மறுபடி புழு. முட்டை தண்ணியில மிதக்கிறதில்ல. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த முறைத் தண்ணி ஏறி நனைச்சதும் பொரியும். பிளீச்சிங் பவுடர் போட்டு, தேங்காய் நாரால் விளிம்புவரை தேய்ச்சு, வெயிலில் கவிழ்த்துக் காயவிடணும். ஓட்டை மூடிக்குப் பதிலா பழைய வேட்டியை ரெண்டா மடிச்சு இழுத்துக் கட்டலாம். தொய்ஞ்சு தண்ணியைத் தொடக்கூடாது, அந்த ஈரத்துணியிலேயே முட்டையிடும்.

காரிமங்கலம்:
மேலே எழுதின அண்ணாவுக்கு: தேய்க்கணும்னா முதல்ல தண்ணியைக் கொட்டணுமே? இங்கே போர் தண்ணியில புளோரைடு. அதனாலதான் 2013ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. குடிக்கிற தண்ணி அது ஒண்ணுதான், அடுத்த முறை எப்போன்னும் தெரியாது. யாருங்க கொட்டுவாங்க? அலட்சியம்னு திட்டிப் பயனில்ல. அங்கேதான் அபேட், தண்ணியில விடுற கொசுப்புழு மருந்து. 50 சதவீத மருந்து 1 மில்லி 500 லிட்டருக்குப் போதும். ஒரு டிரம்முக்கு 0.4 மில்லி, அதைக் கையால அளக்க முடியாது. 10 மில்லி மருந்தை 1 லிட்டராகக் கலக்கி, டிரம்முக்கு 40 மில்லி விடணும். பாட்டிலோட சாய்ச்சா நாத்தம் அடிக்கும், வீட்டம்மா அன்னைக்கே கொட்டிட்டு மருந்தில்லாத தண்ணி பிடிப்பாங்க.

பட்டுக்கூடு பாலக்கோடு:
புகை மருந்து வண்டி வந்தா எங்க பக்கம் கதவைச் சாத்துவாங்க. கொசுவைக் கொல்ற அதே மருந்து பட்டுப்புழுவையும் கொல்லும், ஒரு பேட்ச் புழு போச்சுன்னா அந்த மாத வருமானமே போச்சு. பட்டுப்புழு வளர்க்கிற மனையில, ஸ்டாண்டு கால்களுக்கு அடியில எறும்பு ஏறாம தண்ணிக் கிண்ணம் வைப்பாங்க. ஒரு மனையில அத்தனை கிண்ணத்துலயும் ஏடிஸ் புழு. வாசல் டிரம் படு சுத்தம்! அந்தக் கிண்ணத்துல அபேட் கூடாது, ஒரு சொட்டு பட்டுப்புழு தின்ற மல்பெரி இலையில பட்டாலும் ஆபத்து.

ஓசூர் சைட்:
அதுக்குத்தான் கொசுப்புழுவைக் கொல்ற பிடி (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியா பவுடர் இருக்கே?

பட்டுக்கூடு பாலக்கோடு:
பிடியை 1901ல் ஜப்பான்ல கண்டுபிடிச்சதே செத்த பட்டுப்புழுவில இருந்துதான். கொசுவுக்கு விக்கிற இஸ்ரேலென்சிஸ் வேற ரகம், அது சரி. ஆனா கடையில பயிருக்கு விக்கிற பிடி மாறி வந்தா மனையே காலி.

ஓசூர் சைட்:
ஒத்துக்கறேன். இங்கே கட்டட வேலை சைட்ல கதை வேற, மலேரியா. கான்கிரீட் இறுக தளத்துல பாத்தி கட்டி நிறுத்தின தண்ணி, லிப்ட் குழி, மூடாத மேல்தொட்டி எல்லாத்துலயும் மலேரியா பரப்புற அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு. தளத்துக்கு நனைச்ச சாக்கு போதும், குழித் தண்ணியை மோட்டார் வச்சு இறைச்சுடலாம். ஆளுங்க விஷயம்தான் கஷ்டம். வைவாக்ஸ் வகை மலேரியா வந்தா பிரைமாகுயின் மாத்திரை 14 நாள். காய்ச்சல் ரெண்டாம் மூணாம் நாளே விட்டுடும், கூலி போகுதேன்னு மாத்திரையை நிறுத்திட்டு அடுத்த சைட்டுக்குக் கிளம்புவாங்க. கல்லீரல்ல தங்கின கிருமி பிறகு கிளம்பும், அங்கே கொசு கடிச்சுப் பரப்பும்.

மத்தூர்:
காய்ச்சல் விட்டதுன்னு நாலாம் நாள் மாங்கூழ் பேக்டரிக்குப் போனவர் அங்கேயே சரிஞ்சார். டெங்கு. எல்லாருக்கும் சொல்றேன், சூடு இறங்குற நேரம்தான் ஆபத்து. வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், சிறுநீர் குறையறது, இதில ஒண்ணு இருந்தாலும் ஆஸ்பத்திரி. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூபென், டைக்ளோ ஊசி வேண்டாம். டெங்குவைக் கண்டுபிடிக்கிற என்எஸ்1 ரத்த டெஸ்ட் முதல் அஞ்சு நாளுக்குள்ள எடுங்க. பிளேட்லெட்டை மட்டும் பாக்காதீங்க, ஹீமடோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு) ஏறுதான்னு பாருங்க. பப்பாளி இலைச்சாறை நம்பி வீட்டோட இருந்துடாதீங்க.

காரிமங்கலம்:
கேட்டது கொசு பத்தி. பாலக்கோட்டார், அந்தக் கிண்ணத்துக்கு என்னதான் வழி?

பட்டுக்கூடு பாலக்கோடு:
சோப்புத் தண்ணி. இல்லேன்னா கிண்ணத்தையே எடுத்துட்டு ஸ்டாண்டு கால்ல கிரீஸ் தடவுங்க, தூசி படிஞ்சா துடைச்சுட்டு மறுபடி. ஒரு பேட்ச் முடிஞ்சு மனை கழுவும்போது கிண்ணத்தையும் தேய்ச்சுக் கவிழ்க்கணும், சும்மா கிடக்கிற நாள்லதான் மழைத்தண்ணி சேரும்.